இருபத்திமூன்றாவது பெயர்

நியூ மோல்டன், லண்டன்
4 நவம்பர் 2006

அன்புள்ள அக்கா,

மரண அறிவித்தல். கிங்ஸ்டன் கடையொன்றைப் பிறப்பிடமாகவும், எங்கள் வீட்டு ஹோலை வதிவிடமாகவும் கொண்டிருந்த இன்டர்நெட் வயர் அவர்கள், நேற்று வெள்ளிக்கிழமை பின்னேரம் அப்பாவின் கத்தரிக்கோலால் அகால மரணமடைந்தார். அன்னார் மோடத்தின் பாசமிகு துணைவரும், எனது ஒரே ஆறுதலும் ஆவார். கிரியைகள் குப்பைவாளியில் நடந்தேறின. இவ்வறிவித்தலை உற்றார், உறவினர், சியோலில் இங்கிலிஷ் படிப்பிக்கும் அக்காமார் அனைவரும் ஏற்றுக்கொள்ளவும். தகவல்: தம்பி ஜதுசன்.

ஆகவே இனிக் கடிதம்தான். லைப்ரரிக் கொம்பியூட்டருக்குத் தமிழ் எழுத்துத் தெரியாது. போனில் கதைக்கலாம் என்றால், நீங்கள் போன நாளிலிருந்து வீட்டில் வெளிநாட்டு நம்பர் சுற்றினால் அப்பாவின் முகமும் சேர்ந்து சுற்றுகிறது. "படிப்புக்காக ஹொலண்டை விட்டு லண்டனுக்கு வந்தம். அவள் என்னெண்டால் லண்டனை விட்டு ஏபிசி சொல்லிக் குடுக்கக் கொரியாவுக்குப் போயிட்டாள்." இதுதான் அவரது தினசரிப் பிரார்த்தனை. உங்கள் பெயர் இன்னும் 'அவள்'தான்.

வயரின் கொலைக்குக் காரணம் பக்கத்து வீட்டு ஜிஹுன். ஞாபகமா? தாயோடு இரண்டு வருடத்துக்கு முன் வந்தவன். தகப்பன் சியோலில் தனியே இருந்து உழைக்கிறார், இவர்கள் இங்கே இருந்து படிக்கிறார்கள். அவனுடைய நேரசூசியை அப்பா வேலிக்கு மேலால் விசாரித்துவிட்டார். விளைவு, இப்போது நானும் ஹைஸ்ட்ரீட்டில் கடைக்கு மேலே இருக்கும் குவோன் மாஸ்டரின் கணக்கு வகுப்பில். திங்கள் முதல் வெள்ளி வரை, ஐந்திலிருந்து ஒன்பது வரை. வகுப்பில் எல்லோரும் கொரியன் பிள்ளைகள், நான் ஒருவன்தான் ஒரிஜினல் யாழ்ப்பாணம். அவன்பாடு சமன்பாடு, என்பாடு பெரும்பாடு. இருபடிச் சமன்பாட்டுக்கு இரண்டு மூலம் வரும் என்று அம்மா தன் பழைய ரீச்சர் குரலில் சொன்னா. அந்தக் கதிரையில் நான்கு மணித்தியாலம் இருந்தால் மூன்றாவது மூலமும் வரும் என்றேன். அகப்பையால் விழுந்தது.

ஒன்று மட்டும் உண்மையாகச் சொல்கிறேன், யாருக்கும் சொல்ல வேண்டாம். பள்ளிக்கூடத்தில் என்னை ஃபவுண்டேஷன் குரூப்பில் போட்டிருக்கிறார்கள் அல்லவா? என்ன செய்தாலும் 'சி'க்கு மேலே வராது. குவோன் மாஸ்டர் அதைக் கேட்டுவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு யார் கூரை போட்டது?" என்று கேட்டார். பிறகு ஒரே கணக்கைப் பதினொரு தரம் செய்ய வைத்தார். பதினோராவது தரம் சரி வந்தது. அவர் பாராட்டவில்லை. அடுத்த கணக்கைத் தந்தார். எனக்கு அது பிடித்திருந்தது.

வெள்ளிக்கிழமை வகுப்பு முடிய, சுவரில் பட்டியல் ஒட்டுவார்கள். இருபத்திமூன்று பெயர். முதலாவது எப்போதும் ஜிஹுன், கடைசி எப்போதும் நான். மற்றவர்களுக்கு எனக்குப் பின்னால் வரப் பயம். சனிக்கிழமை காலையில் ஒஃபீஸ் அக்கா அந்தத் தாளைக் கழற்றி, கொரியாவில் இருக்கிற அப்பாமாருக்கு ஃபேக்ஸ் பண்ணுவா. எங்கள் அப்பாவுக்கு ஃபேக்ஸ் இல்லை. கடவுள் இருக்கிறார்.

புதன்கிழமை ஜிஹுனுக்கு மூக்கால் இரத்தம் வந்தது. அவன் ரிஷ்யுத் தாளை மூக்குக்குள் அடைத்துக்கொண்டு தொடர்ந்து கணக்குச் செய்தான். ஒரு சொட்டு என் கொப்பியில் விழுந்தது. "விடைக்கு மேலயா விழுந்தது?" என்று மட்டும் கேட்டான். நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

இப்படிக்கு,
பட்டியலைத் தாங்கிப் பிடிக்கும் அத்திவாரம்,
ஜது

சியோல்
17 நவம்பர் 2006

அன்புள்ள தம்பி,

உன் மரண அறிவித்தலை ரெயினில் வாசித்துச் சிரித்தேன். பக்கத்தில் இருந்தவர் தள்ளி இருந்தார்.

நேற்று இங்கே பல்கலைக்கழகத்துக்கான நாட்டுப் பரீட்சை. பிள்ளைகள் நெரிசலில் மாட்டக்கூடாதென்று கந்தோர்கள் ஒரு மணித்தியாலம் பிந்தித் திறந்தன. இங்கிலிஷ் கேட்டல் பரீட்சை நடந்த நேரம் விமானங்கள் ஏறவில்லை, இறங்கவில்லை. காலையில் ஒரு பள்ளிக்கூட வாசலில் போய் நின்று பார்த்தேன். சின்ன வகுப்புப் பிள்ளைகள் குளிரில் மேளம் அடித்து அண்ணாமாரை, அக்காமாரை உள்ளே அனுப்பினார்கள். பிந்தி வந்த ஒரு பையனைப் பொலிஸ்காரர் மோட்டார்சைக்கிளில் கொண்டுவந்து இறக்கினார். எல்லோரும் கைதட்டினார்கள். பிள்ளைகளுக்காக ஒரு நாடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பதை நான் வேறெங்கும் கண்டதில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிறகு கேற் மூடினார்கள். தாய்மார் போகவில்லை. இரும்புக் கம்பியில் உள்ளங்கையை வைத்தபடி நின்றார்கள். பின்னேரம் நான் அந்த வழியால் வந்தபோதும் சிலர் அப்படியே நின்றார்கள்.

உன் குவோன் மாஸ்டரை எனக்குத் தெரியும். அவரைப் போல நிறையப் பேர் இங்கே இருக்கிறார்கள். இங்கே ஒரு பிள்ளையைப் பார்த்து 'இதுக்கு இவ்வளவுதான் வரும்' என்று யாரும் சொல்வதில்லை. வகுப்பைப் பிள்ளைகளே கூட்டித் துடைக்கிறார்கள். ஆசிரியருக்கு ஒவ்வொரு வீடும் தெரியும். உன் கூரையை அவர் கழற்றினால் கழற்றட்டும், விட்டுவிடாதே.

ஆனால் நான் படிப்பிக்கும் இடம் பள்ளிக்கூடம் இல்லை, ரியூசன் நிலையம். ஹக்வோன் என்பார்கள். நாள் முழுக்கப் பள்ளியில் இருந்துவிட்டுப் பிள்ளைகள் இரவு ஏழு மணிக்கு என்னிடம் வருகிறார்கள். சுபின் என்று ஒரு பிள்ளை, பதினொரு வயது. அவளுக்கு இரண்டு கண்ணிலும் இமைமயிர் இல்லை. ஏதோ தோல் வருத்தம் என்று நினைத்திருந்தேன். சோதனை எழுதும்போது ஒவ்வொன்றாகப் பிடுங்குகிறாள். விடைத்தாளைத் திருத்த எடுத்தால் அதில் கிடக்கும். ஊதிவிட்டுத்தான் புள்ளி போடுகிறேன். இப்போதெல்லாம் சிவப்புப் பேனையைத் திறக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது. "லண்டனில் பிள்ளைகள் எத்தனை மணிக்கு நித்திரை கொள்வார்கள் ரீச்சர்?" என்று கேட்டாள். நான் பொய் சொன்னேன்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன் ஜது. நீ எதையும் பகிடியாக்குவாய். அந்தப் பட்டியலை மட்டும் விட்டுவிடு. உனக்கு அது தாள். அவர்களுக்கு அது தாள் இல்லை.

அப்பா சாப்பாட்டுக்குப் பிறகு குளிசை போடுகிறாரா?

அன்புடன்,
அக்கா மயூரா

நியூ மோல்டன்
26 நவம்பர் 2006, ஞாயிறு

அன்புள்ள அக்கா,

எழுந்து நின்று வாசிக்கவும். உங்கள் தம்பி இந்தக் கிழமைப் பட்டியலில் முதலாம் இடம். ஆம், அதே ஜதுசன். பைதகரஸ் தேற்றம் படித்தும் தேறாதவன்.

உங்களுக்கு மட்டும் உண்மை. நீங்கள் செய்யாதே என்றதைத்தான் செய்தேன், ஆனால் கலையழகோடு செய்தேன். குவோன் மாஸ்டர் தாய்க்குச் சுகமில்லை என்று கொரியாவுக்குப் போய்விட்டார். அதனால் வெள்ளிக்கிழமை பட்டியல் பிந்தி, எல்லோரும் போனபின்தான் சுவருக்கு வந்தது. அதைக் கழற்றி, கீழ்க் கடையில் ஒரு போட்டோகொப்பி எடுத்தேன். அந்தக் கொப்பியில் முதலாவது பெயரையும் கடைசிப் பெயரையும் கத்தரித்து, இடம் மாற்றி ஒட்டி, அதைத் திரும்ப இரண்டு கொப்பி எடுத்தேன். அசலைவிட அசல். ஒன்றைச் சுவரில் ஒட்டினேன், ஒன்றை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். திங்கட்கிழமை வகுப்பே பார்த்துச் சிரிக்க வேண்டும் என்பதுதான் திட்டம். இந்த வட்டாரத்தில் இப்படியொரு பகிடி இதுவரை நடக்கவில்லை.

அப்பா ஸ்ட்ரெதத்தில் தான் சப்பாத்துத் திருத்தி, சாவி வெட்டும் கடையிலிருந்து இரவு பிந்தி வந்து, பசை மணக்கிற கையோடு நின்றபடியே அதை வாசித்தார். பிறகு இருந்தார். அம்மாவிடம் கண்ணாடியைக் கேட்டார். "இருபத்திமூண்டு பேரில, கமலேஸ், அதுவும் கொரியன் பிள்ளையளுக்க." அம்மாவுக்கு அதையே இன்னொரு தரமும் சொன்னார். பட்டியல் இப்போது சாமித்தட்டில், முருகனுக்குப் பக்கத்தில் இருக்கிறது.

இன்றைக்கு என்னை ஆர்ச்வே கோயிலுக்குக் கூட்டிப்போய் என் பெயரில் அர்ச்சனை செய்தார். ஐயர் நட்சத்திரம் கேட்டார். அப்பா நட்சத்திரத்தோடு நிறுத்தவில்லை, பின்னால் நின்ற ஸ்ரீஸ்கந்தராஜா மாமா வரைக்கும் எனது இடத்தையும் சேர்த்துச் சொன்னார். நான் முருகனைப் பார்க்காமல் மயிலைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

இதில்தான் உச்சம். சற்று முன் அப்பா போனை எடுத்து நீண்ட நம்பர் ஒன்றைச் சுற்றினார். எண்ணிப் பார்த்தேன், கொரியா. அம்மா மூன்று மாதம் அழுது செய்ய முடியாததை நான் ஒரு கத்தரிக்கோலால் செய்துவிட்டேன். நன்றியைக் காசோலையாகவும் அனுப்பலாம்.

பக்கத்து வீட்டில்தான் இரண்டு நாளாகச் சத்தம் இல்லை. ஜிஹுனின் அம்மா அவனை மூன்று தரம் கூப்பிடுவா, சுவருக்குள்ளால் கேட்கும். இன்றைக்குக் கூப்பிடவில்லை.

பி.கு. திங்கள். கடிதத்தை இன்னும் போடவில்லை. ஜிஹுன் பள்ளிக்கூடம் வரவில்லை. சுவரில் பட்டியலும் இல்லை. ஒஃபீஸ் அக்கா சனிக்கிழமையே கழற்றிவிட்டாவாம். எல்லாம் சரியாகத்தான் இருக்கும்.

ஜது

சியோல்
27 நவம்பர் 2006

தம்பி,

இன்றைக்குக் காலை ஆறு மணிக்குப் போன் அடித்தது. "நான் அப்பா கதைக்கிறன்" என்று ஒரு குரல். அதைச் சொல்ல வேண்டுமா?

"தம்பி முதலாவதா வந்திட்டான்," என்றார். பிறகு, "நீ சாப்பிடுறியோ?" என்றார். ஓம் என்றேன். "அங்க குளிராமே," என்றார். ஓம் என்றேன். இரண்டு நிமிடம் இருக்கும், வைத்துவிட்டார்.

பல் விளக்கும் வரைக்கும் சந்தோசமாக இருந்தேன். அதற்குப் பிறகு உன் முதல் கடிதத்தை எடுத்துத் திரும்ப வாசித்தேன். மூன்று கிழமைக்கு முன் நீ இருபத்திமூன்றாவது. உன்னை எனக்குப் பிறந்த நாளிலிருந்து தெரியும்.

என்ன செய்தாய் ஜது? உன் இடத்தில் இருந்தவன் இப்போது எங்கே இருக்கிறான்?

உடனே எழுது.

அக்கா

நியூ மோல்டன்
29 நவம்பர் 2006, புதன்

அக்கா,

ஜிஹுனைக் காணவில்லை. திங்கள் காலையில் யூனிஃபோமோடு வெளிக்கிட்டவன் பள்ளிக்கூடம் வரவில்லை, வீட்டுக்கும் வரவில்லை. இரண்டு இரவு போய்விட்டது.

ஒஃபீஸ் அக்கா சனிக்கிழமை சுவரில் இருந்த தாளைக் கழற்றி, பார்க்காமல், வழமைபோல எல்லா அப்பாமாருக்கும் அனுப்பிவிட்டா. அன்றைக்கே ஜிஹுனின் அப்பா சியோலில் இருந்து போன் எடுத்திருக்கிறார். ஞாயிறு கோயிலால் வந்து குப்பை போடப் போனபோது ஜிஹுன் வேலியடியில் நின்றான். "அப்பா வீட்டுக்கு வரச் சொல்லிவிட்டார்," என்றான். "ஏன்?" என்று கேட்டேன், தெரியாதவன் மாதிரி. "நான் கடைசி," என்றான்.

அக்கா, அவன் 'அது பிழை' என்று சொல்லுவான் என்று பார்த்துக்கொண்டு நின்றேன். அவன் எவ்வளவு சரியாகச் செய்தான் என்று அவனுக்குத் தெரியும்தானே. பிழை என்று சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே சொல்லியிருப்பேன். அவன், "ஒரு நாள் இது வரும் என்று தெரியும்," என்றான். பிறகு என்னைப் பார்த்து, "நீ நல்லாகச் செய்தாய்," என்று தலையைக் குனிந்தான். கொரியன் முறையில், பெரியவர்களுக்குக் குனிவது மாதிரி. நான் குப்பைப் பையோடு நின்றேன்.

நேற்றுப் பொலிஸ் வந்தது. ஒரு பெண் பொலிஸ், நல்ல மாதிரி. "அவனுக்கு ஏதும் கவலை இருந்ததா?" என்று கேட்டா. இல்லை என்றேன். "யாரும் அவனைப் பகிடி பண்ணினார்களா?" இல்லை என்றேன். அப்பா பக்கத்தில் நின்று, "இவர் நல்ல பிள்ளை, வகுப்பில முதலாவது," என்று தன் இங்கிலிஷில் சொன்னார்.

அம்மா ஜிஹுனின் தாயோடு போய் இருந்தா. இரண்டு பேருக்கும் பொதுவாக ஒரு பாசையும் இல்லை. தாய் வாசலைப் பார்த்தபடி முழங்காலில் இருந்தாவாம், கையில் ஒஃபீசில் கேட்டு வாங்கிய அந்தத் தாளாம். அம்மா வந்து என்னைப் பார்த்துச் சொன்னா, "உன்னாலதான் தன்ர பிள்ளை பின்னுக்குப் போனது எண்டு அவ சொல்லேல்லை. எனக்குத்தான் அப்பிடிக் கிடக்கு." நான் கக்கூசுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டேன்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ரெயில் பாதை இருக்கிறது அல்லவா? இவ்வளவு காலமும் அது எனக்குக் கேட்டதே இல்லை. இப்போது ஒவ்வொரு ரெயிலும் கேட்கிறது. ஒன்று வேகம் குறைந்தால் நான் மூச்சு விடுவதில்லை. திரும்ப ஓடத் தொடங்கினபிறகுதான் விடுகிறேன்.

கணக்குக் கொப்பியின் பின்பக்கத்தில் ஜிஹுன் தன் அப்பாவின் நம்பரையும் விலாசத்தையும் ஒருமுறை எழுதித் தந்தான், ஏதும் அவசரம் என்றால் என்று. கீழே எழுதியிருக்கிறேன். நீங்கள் அங்கேதானே இருக்கிறீர்கள். போய்ச் சொல்லுங்கள், வகுப்புக்காரர் பெயரை மாற்றி அடித்துவிட்டார்கள் என்று. என் பெயரைச் சொல்ல வேண்டாம். நேற்று போன்பூத்தில் கார்ட் போட்டு எடுத்தது நான்தான். உங்கள் ஹலோவைக் கேட்டவுடன் வைத்துவிட்டேன்.

இது உங்களிடம் வர ஒரு கிழமை எடுக்கும். அதற்குள் என்ன நடந்திருக்கும் என்று நினைக்க ஏலாமல் இருக்கிறது.

ஜது

சியோல்
8 டிசம்பர் 2006

ஜது,

உன் கடிதம் புதன்கிழமை கிடைத்தது. அந்த ஒரு கிழமையில் இரண்டு தரம் வீட்டுக்குப் போன் எடுத்தேன். இரண்டு தரமும் அப்பாதான் எடுத்தார், இரண்டு தரமும் உன் பெருமையைத்தான் சொன்னார். 'அவனைக் கூப்பிடுங்கோ' என்று கேட்கக்கூட இடம் கிடைக்கவில்லை.

கடிதத்தை வாசித்து முடித்து, வகுப்புக்குச் சுகமில்லை என்று சொல்லிவிட்டு, நேரே அந்த விலாசத்துக்குப் போனேன். ஏணிப்படியில் ஒவ்வொரு மாடியிலும் நின்று நின்றுதான் ஏறினேன். அந்த வீட்டில் என்ன செய்தி இருக்கும் என்று எனக்குத் தெரியாது.

அவன் உயிரோடு இருக்கிறான். இது உனக்கு இப்போது தெரிந்திருக்கும். ஆனால் அந்தக் கதவடியில் எனக்குத் தெரியாது என்பதை நீ அறிய வேண்டும்.

கிங்ஸ்டனிலிருந்து பஸ் பிடித்து ஹீத்ரோவுக்குப் போயிருக்கிறான். கையில் பாஸ்போட், ஒரு கணக்குப் புத்தகம். டிக்கெட் இல்லை. அப்பா வீட்டுக்கு வா என்றார், அம்மாவிடம் டிக்கெட் கேட்கப் பயம், அதனால் விமானம் ஏறும் இடத்தில் போய் இருந்திருக்கிறான். மூன்று இரவு. யார் கேட்டாலும், அப்பாவைக் காத்திருக்கிறேன் என்றானாம். துப்புரவு செய்யும் ஒரு பெண்தான், இந்தப் பிள்ளை நேற்றும் இருந்ததே என்று சந்தேகப்பட்டுப் பொலிசுக்குச் சொல்லியிருக்கிறாள்.

அவனுடைய அப்பாவுக்கு ஒரே அறைதான். ஒரு பாய், ஒரு அடுப்பு, ஒரு மேசை. மேசைக்கு முன் சுவர் முழுக்கத் தாள்கள். எல்லாம் உங்கள் வகுப்புப் பட்டியல். இரண்டு வருடத்துக்கு உரியவை. ஒவ்வொன்றிலும் முதலாவது பெயருக்குக் கீழே பென்சிலால் ஒரு கோடு. அதைப் பார்த்துக்கொண்டுதான் தினமும் சாப்பிடுகிறார். "மகனுக்குக் கடிதம் எழுத நேரம் இல்லை," என்றார். "இதுதான் ஒவ்வொரு சனிக்கிழமையும் வரும்." கடைசித் தாளையும் ஒட்டியிருந்தார். இருபத்திமூன்றாவது பெயருக்குக் கீழேயும் அதே கோடு, அதே நேராக.

அந்தப் பட்டியல் பிழை என்று சொன்னேன். எப்படித் தெரியும் என்று கேட்கவில்லை. எழும்பிப் போய்ச் சுவரில் இருந்த கடைசித் தாளைக் கிட்டப் பார்த்தார். பிறகு, "பிழை என்று என் மகன் சொல்லவில்லையே," என்றார். அதைத்தான் அவர் பயந்துபோய்ச் சொன்னார். அவர் போனில் வீட்டுக்கு வா என்றது தண்டனைக்கு இல்லை. கடைசியாக வந்திருக்கிறான் என்றால் களைத்துவிட்டான், போதும் என்றுதான் நினைத்தாராம். அவனுக்கு அது வேறு மாதிரிக் கேட்டிருக்கிறது. இரண்டு வருடம் தாளில் மட்டும் கதைத்தவர்கள் குரலில் கதைத்தால் அப்படித்தான் ஆகும் போல.

குடும்பத்தைத் திருப்பிக் கூப்பிட்டுவிட்டார். இருபதாம் திகதி வருகிறார்கள்.

உன் பெயரை நான் சொல்லவில்லை. வகுப்புக்காரர் பிழை என்றும் சொல்லவில்லை. அது நீ சொல்ல வேண்டியது, அவன் விமானம் ஏறுவதற்கு முன்.

இன்னும் ஒன்று. திங்கட்கிழமை வகுப்பே சிரிக்க வேண்டும் என்று ஒட்டினேன் என்றாய். சனிக்கிழமை காலையில் அந்தத் தாள் கழற்றப்பட்டுக் கொரியாவுக்குப் போகும் என்று உன் முதல் கடிதத்தில் எனக்கு எழுதியது நீ. தெரிந்தும் ஒட்டினாயா? அல்லது எனக்கும் பொய் சொல்கிறாயா?

அப்பா என்னோடு கதைக்கிறார் என்பதற்காக உன் பெயரை அந்த முதலாவது இடத்தில் விட்டுவைக்காதே. மூன்று மாதம் பேசாமல் இருந்தவர். இன்னும் கொஞ்சக் காலம் எனக்குத் தாங்கும்.

அக்கா

நியூ மோல்டன்
17 டிசம்பர் 2006

அன்புள்ள அக்கா,

இதனால் சகலருக்கும் அறியத்தருவது யாதெனில், நடந்து முடிந்த வெள்ளிக்கிழமைப் பட்டியலில், நித்தியானந்தன் ஜதுசன் அவர்கள் தமது சொந்தப் பெயரில், வெட்டும் ஒட்டும் இன்றி, இருபத்திரண்டாம் இடத்துக்கு உயர்ந்துள்ளார். சரித்திரத்தில் முதல் தடவை.

அதோடு, நீங்கள் சொன்னபடி உண்மையைச் சொல்லிவிட்டேன். நிமிர்ந்து நின்று, முழு வகுப்புக்கும் முன்னால், கொரியன் பாசையில் மன்னிப்புக் கேட்டு, தொண்ணூறு பாகையில் குனிந்தேன். குவோன் மாஸ்டர் கண்ணைத் துடைத்தார். பின்வரிசையில் யாரோ கைதட்டினார்கள்.

இல்லை அக்கா. இந்தப் பந்தியை வெட்டவேண்டும், ஆனால் பேனையால் எழுதிவிட்டேன். நடந்தது இதுதான்.

உங்கள் கடிதம் வியாழக்கிழமை வந்தது. வாசித்துவிட்டு ஸ்ட்ரெதம் கடைக்குப் போனேன். அப்பா சாவி வெட்டிக்கொண்டிருந்தார். மெஷின் கத்துகிற நேரம் பார்த்துச் சொன்னேன், கேட்காமல் போனால் நல்லது என்று. அவர் மெஷினை நிறுத்தினார். "திருப்பிச் சொல்லு," என்றார். சத்தம் இல்லாத இடத்தில் அதைத் திருப்பிச் சொல்லுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? எனக்குக் குரல் பொம்பிளைப் பிள்ளை மாதிரி வந்தது. அழுதேன். சாவி வாங்க நின்ற வெள்ளைக்காரி வெளியே போய் நின்றுவிட்டா.

அப்பா ஏப்ரனைக் கழற்றினார். சட்டரை இறக்கினார். முதலில் குவோன் மாஸ்டரிடம், பிறகு ஜிஹுன் வீட்டுக்கு. வாசலில் எனக்கு முதல் தன் சப்பாத்தைக் கழற்றி, யாரும் சொல்லிக்கொடுக்காமலே அவர் குனிந்தார். அப்பா அப்படிக் குனிந்து நான் கோயிலில்கூடக் கண்டதில்லை. நான் குனிந்தது அவருடைய முதுகைப் பார்த்துத்தான். ஜிஹுனின் அம்மா சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றா.

ஜிஹுன் அடிப்பான் என்று எதிர்பார்த்தேன். "அப்ப என்னுடைய உண்மையான புள்ளி என்ன?" என்று கேட்டான். தொண்ணூற்றாறு, முதலாவது என்றேன். அவன் சந்தோசப்படுவான் என்று நினைத்தேன் அக்கா. "நாலு எங்கே போனது?" என்றான். எனக்கு ரெயில் சத்தத்தைவிட அது பயமாக இருந்தது.

இப்போது நீங்கள் கேட்டதற்குப் பதில்.

அது பகிடியே இல்லை. பகிடி என்று சொன்னால் கெட்டிக்காரன் மாதிரி இருக்கும். உண்மையைச் சொன்னால் நான் மாதிரி இருக்கும். அப்பாவுக்கு ஒரே ஒரு தரம் காட்டத்தான் அந்தத் தாளைச் செய்தேன். ஒவ்வொரு வெள்ளியும் கடையால் வந்து, "என்னவாம்?" என்று கேட்பார். நான் ஏதாவது பகிடி சொல்வேன். அவர் சிரிக்காமல் கை கழுவப் போவார். அந்தக் கை கழுவுகிற சத்தம் வேண்டாம் என்று இருந்தது, அவ்வளவுதான். அசலைத் திரும்ப ஒட்டிவிட்டு மாற்றியதை வீட்டுக்குக் கொண்டு வருவதுதான் எண்ணம். நான் ஒட்டத் திரும்பி வந்த நேரம் வகுப்பில் லைட்டை நிறுத்திவிட்டார்கள். இருட்டில், அவசரத்தில், அசல் என்று நினைத்துக் கையில் வந்ததை ஒட்டிவிட்டு ஓடிவந்தேன். வீட்டில் பையைத் திறந்தால் அசல் அதற்குள்ளே இருந்தது. அந்த நேரம் அப்பா கண்ணாடி போட்டு மற்றதை வாசித்துக்கொண்டிருந்தார்.

ஓடிப்போய் மாற்றியிருக்கலாம். பத்து நிமிடம்தான். போகவில்லை. சனிக்கிழமை ஆறு மணியிலிருந்து முழித்துக் கிடந்தேன். ஒன்பது மணிக்கு அந்தப் படிக்கட்டு வரைக்கும் அசலோடு போனேன். மேலே ஃபேக்ஸ் மெஷின் கத்திக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் முடியும்வரை கீழே நின்றுவிட்டு, திரும்பி வந்துவிட்டேன். இதை நான் அப்பாவுக்கும் சொல்லவில்லை. உங்களுக்கு மட்டும்தான்.

அப்பா இப்போது என்னோடும் கதைப்பதில்லை. நாம் இரண்டு பேரும் ஒரே கட்சி, பெரும்பான்மை எங்களுக்குத்தான். அன்றைக்கு பஸ்ஸில் ஒன்றே ஒன்று கேட்டார். "அக்காவுக்குத் தெரியுமோ?" ஓம் என்றேன். "தெரிஞ்சுகொண்டோ நான் போனில சொன்னதையெல்லாம் கேட்டவள்?" என்றார். பிறகு யன்னலால் பார்த்துக்கொண்டு வந்தார். ஆனால் நேற்று, நீங்கள் விட்டுவிட்டுப் போன கறுப்புச் சப்பாத்துக்குப் புது அடி போட்டு, உள்ளுக்குக் கம்பளி ஒட்டி, பக்கத்து வீட்டில் கொரியாவுக்குக் கட்டிவைத்த பெட்டிக்கு மேல் கொண்டுபோய் வைத்தார். யாருக்கு என்று சொல்லவில்லை. சைஸ் உங்களுடையது.

அதனால் இந்தக் கடிதத்தைத் தபால்காரர் கொண்டுவர மாட்டார். ஜிஹுன் கொண்டுவருவான். தருவாயா என்று கேட்டேன், ஓம் என்று தலையாட்டினான், அவ்வளவுதான். அவனுக்கு இதை வாசிக்கத் தெரியாது, நல்லதாய்ப் போயிற்று. கவருக்குள் அசல் பட்டியலும் இருக்கிறது. அவனுடைய அப்பாவிடம் கொடுங்கள். சுவரில் இருக்கிறதைக் கழற்றச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பக்கத்தில் ஒட்டினால் போதும். அவன் சாப்பிட்டானா, நித்திரை கொள்கிறானா என்று நீங்கள் இடைக்கிடை போய்ப் பாருங்கள். அந்தச் சுபினிடமும் லண்டனைப் பற்றி உண்மையைச் சொல்லுங்கள்.

தொடக்கத்தில் எழுதினதையும் திருத்த வேண்டும். இருபத்திரண்டாம் இடம் என்று பீத்திக்கொண்டேன் அல்லவா? பட்டியலில் இப்போது இருபத்திரண்டு பெயர்தான் இருக்கிறது. நான் ஏறவில்லை அக்கா. எனக்கு மேலே இருந்த ஒரு பெயரை எடுத்துவிட்டார்கள்.

ஜது